லேப்டாப்பில் இருந்து நேரலை: கல்யாண மண்டபத்துக்கும் கச்சேரி மேடைக்கும் சில கேள்வி பதில்கள்

உறவில் ஒரு கல்யாணம், பக்கத்துத் தெருவில் ஒரு கச்சேரி என்றால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் ஓர் ஓரமாக உட்காருவது பல ஆண்டுகளாக எனக்கு வழக்கமாகிவிட்டது. இது என் தொழில் அல்ல, பழகிப்போன வேலை. பெரும்பாலும் நிகழ்ச்சிக்கு முந்தின இரவு ஒன்பது மணிக்குத்தான் யாராவது தொலைபேசியில் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். மயிலாப்பூர், தி.நகர், தாம்பரம் மண்டபங்களை மனதில் வைத்து எழுதியவை இவை.

கைப்பேசியிலேயே நேரலை செய்யலாமே, லேப்டாப் எதற்கு?

பத்து நிமிட நிகழ்ச்சிக்குக் கைப்பேசி போதும். இரண்டு மணி நேர முகூர்த்தத்துக்குப் போதாது. பேட்டரி இறங்கும், சூடேறும், நடுவில் சமையற்காரரிடம் இருந்து அழைப்பு வரும். எல்லாவற்றையும்விட, மைக்குகளின் ஒலியைச் சேர்க்கும் மண்டபத்து மிக்ஸரில் இருந்து ஒலியை நேராக வாங்கிக்கொள்ளக் கைப்பேசியில் சுலபமான வழி இல்லை. இன்னொன்று, கைப்பேசியில் இருந்து யூடியூப் நேரலை செய்யச் சேனலுக்குக் குறைந்தது 50 சந்தாதாரர்கள் வேண்டும். லேப்டாப்புக்கு அந்த நிபந்தனை கிடையாது.

சேனல் இன்றுதான் தொடங்கினேன். நாளைக் காலை முகூர்த்தம். முடியுமா?

அநேகமாக முடியாது. கைப்பேசி எண்ணைச் சரிபார்த்து நேரலை வசதிக்கு முதன்முறை விண்ணப்பித்த பிறகு, அது திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். அவசரத்துக்கு ஏற்கெனவே நேரலை செய்து பழகிய சேனல் உறவில் யாரிடமாவது இருக்கிறதா என்று கேளுங்கள். சமையல் குறிப்பு போடும் சித்தி ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். பேஸ்புக் பக்கம் போகலாம் என்றால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: 2025 தொடக்கத்தில் இருந்து அங்கே நேரலைப் பதிவுகள் 30 நாள் மட்டுமே இருக்கும், பிறகு அழிந்துவிடும். கல்யாணக் காட்சிக்கு அது சரிப்படாது.

எந்த மென்பொருள்?

ஓபிஎஸ் ஸ்டூடியோ. 2012 முதல் இருக்கிறது, இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், படத்தின் மூலையில் தன் பெயரை ஒட்டாது. வெப்கேமரா முன் உட்கார்ந்து பேசுவது மட்டும்தான் வேலை என்றால் அதுவும் வேண்டாம், யூடியூப் தளத்தில் உள்ள வெப்கேம் வழியே போதும்.

ஓபிஎஸ்ஸில் யூடியூப் கொடுக்கும் ஸ்ட்ரீம் கீ என்ற நீண்ட குறியீட்டை ஒட்ட வேண்டும். அது வீட்டுச் சாவி மாதிரி. அது கையில் இருக்கும் எவரும் உங்கள் சேனலில் எதை வேண்டுமானாலும் ஒளிபரப்பலாம். "இங்கே என்ன போடுவது?" என்று சாவியோடு சேர்த்துத் திரையைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி நேர்ந்துவிட்டால் யூடியூப் பக்கத்தில் ரீசெட் அழுத்திப் புதுச் சாவி வாங்கிக்கொள்ளுங்கள்.

என் லேப்டாப் ஐந்து வருடப் பழையது. தாங்குமா?

பெரும்பாலும் தாங்கும். கேமராவில் இருந்து வரும் படத்தைச் சுருக்கி அனுப்புவதுதான் கடினமான வேலை. அதைப் பிராசஸரே செய்தால் மூச்சு வாங்கும். கடந்த பத்து ஆண்டுகளில் வந்த அநேக லேப்டாப்புகளில் இதற்கென்றே தனிச் சில்லு வசதி இருக்கிறது. இன்டெல்லில் குவிக்சிங்க், என்விடியாவில் என்வென்க் என்று பெயர். ஓபிஎஸ் அமைப்புகளில் என்கோடர் என்ற இடத்தில் இவற்றில் ஒன்று தெரிந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

சென்னைக்கு உரிய சிக்கல் வெப்பம். சித்திரை, வைகாசியில் ஏசி இல்லாத மண்டபத்தில் லேப்டாப் சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் அரைமணி நன்றாக ஓடி, பிறகு படம் திக்கித் திணறினால் காரணம் அதுதான். பட்டுத்துணி விரித்த மேசையில் வைக்காதீர்கள். அடியில் இரண்டு கட்டையைக் கொடுத்துத் தூக்கி வையுங்கள், மேசை விசிறி ஒன்றைப் பக்கத்தில் திருப்பி வையுங்கள். விண்டோஸ் அப்டேட்டை முந்தின நாளே நிறுத்தி வையுங்கள், வாட்ஸ்அப் அறிவிப்புகளையும்தான்.

இணைய வேகம் எவ்வளவு வேண்டும்?

பதிவிறக்க வேகத்தைப் பார்க்காதீர்கள், பதிவேற்ற வேகத்தைப் பாருங்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பெரும்பாலும் முதலாவது. 720பி படத்துக்கு நான் நொடிக்கு 3000 கிலோபிட் வைக்கிறேன், ஒலிக்கு 128. ஆக மொத்தம் ஏறக்குறைய 3.1 மெகாபிட். அளந்து பார்க்கும் பதிவேற்ற வேகம் அதைப்போல் இரண்டு மடங்காவது, அதாவது 6 மெகாபிட்டுக்கு மேல், நிலையாக இருக்க வேண்டும். டேட்டா கணக்கு: ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1.4 ஜிபி. மூன்று மணி நேரக் கச்சேரிக்கு 4 ஜிபிக்குக் கொஞ்சம் மேல். தினசரி 2 ஜிபி கிடைக்கும் கைப்பேசித் திட்டத்தை நம்பிப் போனால் தனி ஆவர்த்தனம் தொடங்கும் முன்பே வேகம் தரைதட்டிவிடும்.

மண்டபத்தில் வைஃபை இருக்கிறது என்கிறார்களே?

இருக்கும், காலை ஐந்து மணி வரை. ஏழு மணிக்கு முந்நூறு பேர் வந்த பிறகு அதே வைஃபையில் பாதிக் கூட்டம் ஏறி உட்கார்ந்திருக்கும். மேலாளரிடம் பாஸ்வேர்டு கேட்காதீர்கள். "ரவுட்டர் எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். அங்கிருந்து லேப்டாப்புக்கு லேன் கேபிள் இழுங்கள். கேட்-6 கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், எந்த மண்டபத்துக்கும் அது போதும். லேப்டாப்பில் துளை இல்லாவிட்டால் யுஎஸ்பி அடாப்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேபிளைப் பந்தி போகும் வழியில் விடாமல் சுவரோரமாக ஒட்டுங்கள். சாம்பார் வாளியோடு விரைகிறவருக்கு உங்கள் நேரலையைப் பற்றி என்ன கவலை?

கைப்பேசிதான் ஒரே வழி என்றால் ஹாட்ஸ்பாட் வேண்டாம், யுஎஸ்பி வயரில் டெதரிங் செய்யுங்கள். அதையும் கூட்டம் நிறைந்திருக்கும் நேரத்தில் சோதித்துப் பாருங்கள். காலி மண்டபத்தில் பார்த்த வேகம் முகூர்த்த நேரத்தில் இருக்காது.

1080பி வைக்கலாமா?

இணைப்பு உறுதியாக இருந்தால் வைக்கலாம், 5000 முதல் 6000 கிலோபிட் வேண்டும். பார்க்கப்போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கைப்பேசியில்தான் பார்ப்பார்கள். திக்கித் திணறும் 1080பியைவிடத் தெளிவான 720பியே நல்லது.

படம் நின்று நின்று வருகிறது. என்ன கோளாறு?

ஓபிஎஸ்ஸில் ஸ்டாட்ஸ் என்று ஒரு சன்னல் இருக்கிறது, அதைத் திறங்கள். மூன்று எண்கள் தெரியும், மூன்றும் மூன்று நோய்கள்.

நெட்வொர்க்கால் கைவிடப்பட்ட பிரேம்கள் ஏறினால் இணைப்பு தாங்கவில்லை. நொடிக்கு எவ்வளவு அனுப்புவது என்ற பிட்ரேட்டை 3000-ல் இருந்து 2000-க்கு இறக்குங்கள். நெரிசலுக்கு ஏற்பப் பிட்ரேட்டைத் தானே மாற்றிக்கொள்ளும் வசதி மேம்பட்ட அமைப்புகளில் இருக்கிறது, அதையும் டிக் செய்யுங்கள். என்கோடிங் தாமதத்தால் தவறிய பிரேம்கள் ஏறினால் சுருக்கும் வேலையில் லேப்டாப் திணறுகிறது. என்கோடரை மாற்றுங்கள் அல்லது 720பிக்கு இறங்குங்கள். ரெண்டரிங் தாமதம் என்று மூன்றாவது எண் ஏறினால் கிராபிக்ஸ் பகுதிக்குச் சுமை அதிகம். திறந்து கிடக்கும் பிரவுசரை மூடுங்கள். எந்த எண் ஏறுகிறது என்று பார்க்காமல் இணைய நிறுவனத்துக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பது வீண். நானே அப்படி ஒருமுறை அரை மணி நேரம் சண்டை போட்டு, கடைசியில் குற்றவாளி என் லேப்டாப்தான் என்று கண்டு வாயை மூடிக்கொண்டேன்.

இதோடு, கீபிரேம் (முழுப் படமாகப் போகும் பிரேம்) இடைவெளி என்ற இடத்தில் தானியங்கியை விட்டுவிடாமல் 2 நொடி என்று வையுங்கள். யூடியூப் கேட்பது அதைத்தான்.

மின்சாரம் போனால்? மண்டபத்தில் ஜெனரேட்டர் இருக்கிறது, லேப்டாப்பில் பேட்டரியும் இருக்கிறது.

இரண்டும் சரி. ஆனால் மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்தப் பத்து இருபது நொடியில் ரவுட்டர் அணைந்துவிடும். அது மறுபடி எழுந்து இணைய ஓரிரு நிமிடங்கள் ஆகும். தாலி கட்ட அந்த நேரம் தாராளம். ஆகவே ரவுட்டருக்கு ஒரு சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் வாங்குங்கள். பைபர் இணைப்பில் சுவரோரம் தனியாக ஒரு பெட்டி இருந்தால் அதற்கும் மின்சாரம் வேண்டும், மறந்துவிடாதீர்கள். மிக்ஸரும் கேமரா அடாப்டரும் சாதாரணக் கணினி யூபிஎஸ் ஒன்றில் ஓடட்டும்.

பராமரிப்புப் பணிக்காக எந்தெந்தப் பகுதிகளில் நாளை மின்தடை என்று நாளிதழில் முந்தின நாளே அறிவிப்பு வரும். பெரும்பாலும் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும். கல்யாணத் தேதி குறித்ததும் ஜாதகம் பார்ப்பதுபோல் இதையும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அறிவிப்பு எதுவும் இல்லாமலேயே போகும்.

ஒலியை எப்படி எடுப்பது? கேமராவில் உள்ள மைக் போதாதா?

போதாது. கேமராவுக்கு இரண்டு மடங்கு பணம் செலவழித்துவிட்டு ஒலிக்கு ஒன்றும் செய்யாமல் வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: படம் மங்கினால் நியூஜெர்சியில் இருக்கும் பெரியப்பா பொறுத்துக்கொள்வார், மந்திரம் கேட்காவிட்டால் போன் போடுவார். கேமரா மைக்கில் முதலில் கேட்பது மின்விசிறி, இரண்டாவது கேட்பது குழந்தைகள்.

சவுண்டு சர்வீஸ்காரரின் மிக்ஸரில் இருந்து ஒரு இணைப்பு கேளுங்கள். சிரித்த முகத்தோடு, காலைக் காபி வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள், கிடைக்கும். அந்த வயரை நேராக லேப்டாப்பின் மைக் துளையில் செருகிவிடக்கூடாது. மிக்ஸரில் இருந்து வருவது பலமான சிக்னல், மைக் துளை எதிர்பார்ப்பது மிக மெல்லியது. ஒலி கிழிந்து கரகரக்கும். நடுவில் யுஎஸ்பி ஆடியோ இன்டர்பேஸ் என்ற சிறிய பெட்டி வேண்டும். வந்து சேரும் ஒலி ஒரு காதில் மட்டும் கேட்டால் ஓபிஎஸ்ஸின் மேம்பட்ட ஆடியோ பகுதியில் மோனோ என்பதை டிக் செய்யுங்கள்.

அளவு வைப்பதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஓபிஎஸ் அளவுகோலில் மைனஸ் 20 டெசிபெலுக்குக் கீழே பச்சை, அங்கிருந்து மைனஸ் 9 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. வாத்தியார் மந்திரம் சொல்லும்போது மஞ்சளில் அசையுமாறு வைத்துவிட்டு நிம்மதியாக உட்காருவீர்கள். நேரம் வந்ததும் அவர் வலது கையை உயர்த்தி, ஆள்காட்டி விரலை ஆட்டி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்பார். அடுத்த நொடி தவிலும் நாதஸ்வரமும் ஒன்றாகப் பாயும். முள் சிவப்பின் முனையில் போய் முட்டி நிற்கும். அந்தக் கல்யாணத்தில் எல்லோரும் காத்திருந்த அரை நிமிடம், வெறும் இரைச்சலாகப் போய்ச் சேரும். ஆகவே ஓபிஎஸ்ஸின் ஒலி வடிகட்டிகளில், ஓர் அளவுக்கு மேல் ஒலியை ஏறவிடாத லிமிட்டர் என்பதைச் சேர்த்து மைனஸ் 6-ல் வையுங்கள். மாப்பிள்ளை அழைப்பின்போதே தவில்காரர் முழுக்கையால் வாசிக்கும்போது அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒலியில் "ம்ம்ம்" என்று ஓர் உறுமல் கேட்கிறது.

லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றால் எர்த் கோளாறு: மிக்ஸர் ஒரு பிளக்கில், லேப்டாப் மண்டபத்தின் இன்னொரு மூலையில். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தீராவிட்டால் சவுண்டு சர்வீஸ்காரரிடம் டிஐ பெட்டி (உறுமலைத் தடுக்க நடுவில் செருகும் சிறு பெட்டி) கேளுங்கள். மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை உடைத்துவிட்டு "சரியாப்போச்சு" என்பவர்கள் உண்டு. தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு மைக்கைப் பிடிக்கப்போகிறவர் உங்கள் வீட்டுப் பெரியவராக இருக்கலாம்.

கச்சேரியில் தம்பூரா கேட்கவே இல்லை. மிருதங்கமும் விட்டு விட்டுக் கேட்கிறது.

பின்னணி இரைச்சலை அழிக்கும் நாய்ஸ் சப்ரெஷனை அணையுங்கள்.

கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் இந்தத் தவற்றை நானும் செய்திருக்கிறேன். அந்த வசதி மனிதப் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. மாறாமல் ஒரே சீராக ஒலிப்பது எதுவோ அது மின்விசிறி அல்லது ஏசி என்று முடிவுகட்டி அழித்துவிடும். தம்பூராவும் சுருதிப் பெட்டியும் செய்வது வேறென்ன? மாறாமல் ஒலிப்பதுதானே அவற்றின் வேலை. கச்சேரியின் ஆதாரத்தையே மென்பொருள் குப்பை என்று கூட்டித் தள்ளிவிடுகிறது. பேச்சுபோல் இல்லாத மிருதங்க ஒலியையும் அங்கங்கே கடித்துத் துப்புகிறது. 2020 மார்கழியில் கொரோனாவால் சபாக் கச்சேரிகள் இணையத்துக்கு மாறியபோது, வீட்டில் இருந்து பாடிப் பழகிய பலரும் இதை நேரில் அனுபவித்தார்கள். ஜூமிலும் இதே வியாதி உண்டு. அங்கே இசைக்கென்று ஒரிஜினல் சவுண்டு என்ற தேர்வு இருக்கிறது.

ஆட்டோ கெய்ன் இருந்தால் அதையும் அணையுங்கள். ஆலாபனையில் பாடகர் குரலைத் தாழ்த்தி மந்திர ஸ்தாயிக்குப் போகும்போது அது பதறிப்போய் ஒலியைக் கூட்டும், பின்வரிசை இருமல் முன்வரிசைக்கு வந்துவிடும்.

ஒலி முன்னால் வருகிறது, படம் பின்னால் வருகிறது.

கேமராப் படம், அதை லேப்டாப்போடு இணைக்கும் கேப்சர் கார்டைத் தாண்டி வரச் சற்று நேரம் எடுக்கும், ஒலி வேறு வழியாக முந்திக்கொள்கிறது. பேச்சு என்றால் பலரும் கவனிக்கமாட்டார்கள். மிருதங்கத்தில் சத்தம் கேட்ட பிறகு கை விழுந்தால் முதல் வரிசை ரசிகர் முகம் சுளிப்பார். கேமரா முன் ஒருமுறை கைதட்டிப் பதிவு செய்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கை சேரும் பிரேமுக்கும் சத்தத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று தெரியும். 30 பிரேம் வேகத்தில் ஒரு பிரேம் என்பது 33 மில்லிநொடி. நான்கு பிரேம் தள்ளி இருந்தால், ஓபிஎஸ்ஸில் அந்த ஒலிக்கு சிங்க் ஆப்செட் 130 கொடுங்கள். ஒருமுறை கண்டுபிடித்தால் அதே கேமரா, அதே கார்டுக்கு அந்த எண் பெரும்பாலும் மாறாது. கார்டின் மேல் காகிதத்தில் எழுதி ஒட்டி வையுங்கள்.

படத்தில் கோடு கோடாக ஓடுகிறது.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய டியூப்லைட் நொடிக்கு நூறுமுறை கண்சிமிட்டும். கேமராவின் ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் வையுங்கள். வெப்கேமராவாக இருந்தால் அதன் அமைப்பில் 60 ஹெர்ட்ஸ் என்று இருப்பதை 50 ஆக்குங்கள். மேடை அலங்காரத்தில் வைக்கும் மலிவான எல்இடி சரங்கள் தம் இஷ்டத்துக்குச் சிமிட்டும், அவற்றுக்கு முழுத் தீர்வு இல்லை.

கேப்சர் கார்டு எங்கே வாங்குவது? விலை பலவிதமாக இருக்கிறதே.

சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாயில் இருந்து பல ஆயிரம் வரை கிடைக்கும். பெட்டியில் 4கே என்று தங்க எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் உள்ளே வாங்கிக்கொள்ளும் படத்தின் அளவு. லேப்டாப்புக்குத் தருவது 1080பிதான், நமக்கு அது போதும். கடையிலேயே லேப்டாப்பில் செருகிப் பார்த்து வாங்குங்கள். கேமராவை எடுத்துப் போவது இன்னும் நல்லது: சில கேமராக்கள் பேட்டரி அளவு, குவியக் கட்டம் எல்லாவற்றையும் சேர்த்தே எச்டிஎம்ஐ வழியே அனுப்பும், அவற்றை அணைக்க முடிகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். எச்டிஎம்ஐ கேபிள் பத்துப் பதினைந்து மீட்டரைத் தாண்டினால் சொல்பேச்சுக் கேட்காது. லேப்டாப்பைக் கேமரா பக்கத்திலேயே வைத்து, லேன் கேபிளை நீளமாக இழுப்பதே புத்தி.

கேமராவை எங்கே வைப்பது?

மேடைக்கு எதிரே, ஆளுயரத்துக்கு மேலே. தாலி கட்டும் நேரத்தில் புகைப்படக்காரர், வீடியோக்காரர், அட்சதை தூவ வரும் மாமாக்கள் எல்லோரும் மணமக்களைச் சூழ்ந்துகொள்வார்கள். தரைமட்டத்தில் வைத்த கேமரா ஒளிபரப்புவது ஜிப்பா முதுகுகளை மட்டுமே. இரண்டாவது கேமரா ஒன்று கிடைத்தால் மேடையின் பக்கவாட்டில், ஓமகுண்டத்தை நோக்கி.

வெளிநாட்டு உறவினர்களுக்கு எப்போது, எப்படிச் சொல்வது?

நேரலையை முன்கூட்டியே அட்டவணையிட்டால் இணைப்பு முகவரி அப்போதே கிடைக்கும். இரண்டு நாள் முன்பு அனுப்பிவிடுங்கள். அன்லிஸ்டட் என்று வைத்தால் முகவரி உள்ளவர்கள் மட்டும் பார்க்கலாம். பிரைவேட் என்று வைத்தால் ஒவ்வொருவரையும் மின்னஞ்சலில் அழைக்க வேண்டும், பாட்டிகளுக்கு நடக்காத காரியம்.

நேரம் சொல்லும்போது தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். தை மாதத்தில் காலை 6 மணி முகூர்த்தம் என்றால் நியூஜெர்சியில் முந்தின நாள் மாலை 7.30. அதே முகூர்த்தம் ஆவணியில் என்றால் மாலை 8.30, ஏனென்றால் கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்கள். சிங்கப்பூரில் எப்போதும் காலை 8.30. யூடியூபில் தாமத (லேட்டன்சி) அமைப்பை நார்மல் என்றே விடுங்கள். அரை நிமிடம் தாமதமாகப் பார்ப்பதால் யாருடைய ஆசீர்வாதமும் குறைந்துவிடாது, படம் நிற்காமல் ஓடும்.

பாட்டு ஒலித்தால் காப்புரிமைப் பிரச்சினை வருமா?

வரவேற்பில் சினிமாப் பாட்டை ஒலிப்பெருக்கியில் போட்டால் வரும். யூடியூபின் கன்டென்ட் ஐடி என்ற இயந்திரம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. முதலில் உங்கள் படத்தை நீக்கிவிட்டு வெறும் அறிவிப்புப் படத்தைக் காட்டும், பாட்டு தொடர்ந்தால் நேரலையையே நிறுத்திவிடலாம். 1957ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் திருமணச் சடங்குகளில் இசைப்பதற்கு விலக்கு உண்டு. அந்த விலக்கு மண்டபத்துக்குள் நடப்பதைப் பற்றியது, இயந்திரத்துக்கு அது தெரியவும் தெரியாது. வரவேற்பின்போது மிக்ஸர் ஒலியைக் குறைத்துவிட்டு நீங்களே நான்கு வார்த்தை பேசுங்கள்.

கச்சேரியில் தியாகராஜர் கீர்த்தனைகளுக்குச் சிக்கல் இல்லை, அவர் 1847-ல் மறைந்தவர். நம் சட்டத்தில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். 1973-ல் மறைந்த பாபநாசம் சிவனின் பாடல்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் என்ன செய்ய வேண்டும்?

தொடங்கும்போதே ஓபிஎஸ்ஸில் ரெக்கார்டிங்கும் அழுத்தியிருக்க வேண்டும். இணையம் அறுந்தாலும் உங்கள் பிரதி முழுதாக இருக்கும். எம்கேவி வடிவில் பதியுங்கள், லேப்டாப் நடுவில் அணைந்தாலும் அதுவரை பதிந்தது பிழைக்கும். பிறகு ஓபிஎஸ்ஸிலேயே எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பந்திக்கு எழுந்து போகும் முன் நேரலையை நிறுத்துங்கள். ஒருமுறை நான் மறந்துவிட்டு இலையில் உட்கார்ந்துவிட்டேன். மேடை மைக் அணையவில்லை. மேடையோரம் நின்ற இரண்டு பெரியவர்கள் சம்பந்தி வீட்டுச் சீர்வரிசையை உருப்படி உருப்படியாக எடைபோட்டதை, சிங்கப்பூர்ச் சம்பந்திகள் உட்பட நாற்பத்தொரு பேர் கடைசி வரை கேட்டிருக்கிறார்கள். பாயசம் வரும்போதுதான் என் போன் அடித்தது.